பேட்டரியைக் குறை சொல்லும் முன்: பழைய புல்லட்டில் ஒரு மின்னியல் பாடம்

விழுப்புரம் மாவட்டத்தில் பழைய மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வரும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும். பள்ளி மயிலம் பக்கமோ, செஞ்சி பக்கமோ, மரக்காணம் பக்கமோ ஒரு சிற்றூரில் இருக்கும். பேருந்து நேரம் ஒத்துவராது. அப்பா காலத்துப் புல்லட்டோ, விற்க மனம் வராத எஸ்டியோ கைகொடுக்கும்.

இந்த வண்டிகளில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்றுதான்: “சார்ஜ் ஏறல.” ஹாரன் கம்முகிறது, இண்டிகேட்டர் மினுக்குவதில்லை, முகப்பு விளக்கு மஞ்சளாக மங்குகிறது. கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: “பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்.” புதுப் பேட்டரி போட்டதும் வண்டி நன்றாக ஓடும். இரண்டு மாதம் கழித்துப் பழைய கதை திரும்பும்.

இதில் பணம் மட்டும் போவதில்லை. மாலை வகுப்பு முடித்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக இருட்டில் வீடு திரும்புபவருக்கு முகப்பு விளக்குதான் உயிர்க் காவல். முண்டியம்பாக்கம் பகுதியில் கரும்பு அரைவைக் காலத்தில் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் நிற்கும். பின்விளக்கு எரியாத ஒரு டிரெய்லரை மங்கிய வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் பார்க்க முடியும். ஆகவே சார்ஜ் ஏறாத வண்டியைச் சிறு தொல்லை என்று விட்டுவிட முடியாது.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்வது இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் மின்னியல் முழுவதும் அந்த வண்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டுவது இரண்டாவது நோக்கம்.

திருவொற்றியூரில் பிறந்த கற்பித்தல் கருவி

புல்லட் நமக்கு அயல் வண்டி இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவானது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்த ஜாவா, எஸ்டி வண்டிகளும் நம் ஊர்ச் சாலைகளில் ஒரு காலத்தில் நிறைய ஓடின.

இவற்றை வகுப்பறைக்கு ஏற்ற கருவி என்று சொல்லக் காரணம் உண்டு. இன்றைய வண்டிகளில் கணினி வழி இயங்கும் பல பகுதிகள் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன. பழைய வண்டியில் கம்பி எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கண்ணால் பின்தொடரலாம். போதாக்குறைக்குப் பழைய புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலேயே ஓர் ஆம்ப் மீட்டர் இருக்கிறது. பேட்டரிக்குள் மின்னோட்டம் போகிறதா, அதிலிருந்து வெளியே வருகிறதா என்பதை அந்தச் சின்ன முள் சொல்லிவிடும்.

நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை

சார்ஜ் ஏறுவது ஒரே பொருளின் வேலை அன்று. நான்கு உறுப்புகள் சங்கிலியாகச் சேர்ந்து அதைச் செய்கின்றன.

முதலாவது ஆல்டர்னேட்டர். எஞ்சினின் கிராங்க் தண்டின் முனையில் ரோட்டர் என்னும் காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றி ஸ்டேட்டர் என்னும் கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. மெக்கானிக் கடையில் இவற்றை ‘மேக்னெட்’, ‘காயில்’ என்பார்கள். காந்தம் சுழலச் சுழலச் சுருளோடு தொடர்புடைய காந்தப்பாயம் மாறுகிறது, சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். காந்தப்பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கும். அதனால்தான் வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது சார்ஜ் குறைவாகவும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் கூடுதலாகவும் வருகிறது.

இரண்டாவது ரெக்டிஃபையர். ஆல்டர்னேட்டர் தருவது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். ஒரு பக்கம் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடுகளைக் கொண்டு ரெக்டிஃபையர் இந்த மாற்றத்தைச் செய்கிறது.

மூன்றாவது ரெகுலேட்டர். எஞ்சின் வேகம் கூடும்போது மின்னழுத்தம் கட்டுமீறாமல் இது பார்த்துக்கொள்கிறது. பல வண்டிகளில் ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் ஒரே உலோகப் பெட்டியில் இருக்கும். அதைத்தான் ‘ஆர்.ஆர். யூனிட்’ என்கிறார்கள்.

நான்காவது பேட்டரி. 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடர் இணைப்பில் இருக்கின்றன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறுக்கும் சேர்த்து 12.6 வோல்ட்.

இந்த நால்வரையும் இணைக்கும் கம்பிகள், பியூஸ், கனெக்டர்கள், எர்த் இணைப்பு ஆகியவற்றை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்த ஐந்தாவது ஆளிடம்தான். நால்வரில் யார் தவறினாலும், ஏன், ஒரு கம்பி தளர்ந்தாலும், அறிகுறி ஒன்றுதான்: பேட்டரி இறங்கிவிடும். அதனால்தான் பழி எப்போதும் பேட்டரி மேல் விழுகிறது.

சோதனை வரிசை

தேவையான கருவி ஒரு மல்டிமீட்டர் மட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பல பள்ளி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கும். வரிசையை மாற்றாமல் செய்வதே இதில் முக்கியம். எளிதாகப் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும், கழற்றிப் பார்க்க வேண்டியதைக் கடைசிக்கு வைக்க வேண்டும்.

1. கண்ணால் பார்ப்பது. பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சு இருக்கிறதா? நீர்மட்டம் குறியீட்டுக் கோடுகளுக்கு இடையே இருக்கிறதா? குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்நீரும் கூடாது, அமிலமும் கூடாது. பியூஸ் நன்றாக இருக்கிறதா? பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் கம்பி இறுக்கமாக இருக்கிறதா? கனெக்டர்களில் பழுப்பேறிய, உருகிய தடம் உண்டா? பாதிக் கோளாறுகள் இங்கேயே அகப்படும்.

2. ஓய்வில் இருக்கும் பேட்டரி. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே என்றால் முதலில் வெளியே சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். முழுதாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால்? மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 12.6இலிருந்து 2.1ஐக் கழித்தால் 10.5. ஆறு கலங்களில் ஒன்று செத்துவிட்டது. அப்போதுதான் பேட்டரியை மாற்றச் சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

3. சுமையோடு பேட்டரி. பேட்டரியிலிருந்து இயங்கும் விளக்கையும் ஹாரனையும் போட்டு அதே முனைகளில் அளக்க வேண்டும். நல்ல பேட்டரியில் மின்னழுத்தம் சற்று இறங்கி நிற்கும். பலவீனமான பேட்டரியில் பொலபொலவென்று சரியும். ஓய்வில் 12.5 காட்டும் பேட்டரியும் சுமையில் விழுந்துவிடலாம். அக மின்தடை என்ற கருத்தைச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

4. எஞ்சின் ஓடும்போது. வண்டியை இயக்கி, சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் எப்படி ஒலிக்குமோ அந்த அளவுக்கு ஆக்சிலரேட்டரைத் திருகிப் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் ஏறி நின்றால் சார்ஜ் ஏறுகிறது, அமைப்பு நலம். ஓய்வில் காட்டிய அளவிலேயே நின்றாலோ மேலும் இறங்கினாலோ சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரி நீர் அடிக்கடி வற்றுவதும் பல்புகள் தொடர்ந்து சுடுவதும் இதன் அறிகுறிகள். 6 வோல்ட் வண்டி என்றால் இந்த எண்களை ஏறத்தாழப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.

5. வழியில் எங்கே இழப்பு? சார்ஜ் வரவில்லை என்று தெரிந்ததும் காயிலைக் கழற்றக் கூடாது. எஞ்சின் ஓடும்போதே ஆர்.ஆர். யூனிட்டின் வெளியீட்டுக் கம்பியில் எவ்வளவு, பேட்டரியின் நேர்முனையில் எவ்வளவு என்று அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். அதேபோல் பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட சுழியம் வர வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வேறுபாடு காட்டினால் அந்த வழியில் உள்ள ஏதோ ஓர் இணைப்பு மின்தடையாக மாறியிருக்கிறது.

6. காயில் சோதனை. எஞ்சினை நிறுத்தி, ஸ்டேட்டர் கனெக்டரைப் பிரித்து ஓம் அளவில் சோதிக்க வேண்டும். சுருளின் இரு முனைகளுக்கிடையே மிகக் குறைந்த மின்தடை இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. சுருள் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சில வண்டிகளில் மட்டும் சுருளின் ஒரு முனையை வடிவமைப்பிலேயே எர்த் செய்திருப்பார்கள். அதனால் அந்த வண்டியின் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு கனெக்டர் பிரித்த நிலையிலேயே எஞ்சினை இயக்கி, ஏ.சி. வோல்ட்டில் அளக்க வேண்டும். கிடைக்கும் எண் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் வேகம் கூடக் கூட அந்த எண் சீராக ஏற வேண்டும். ஏறினால் ஆல்டர்னேட்டர் நலம்.

7. மிஞ்சியது ஆர்.ஆர். யூனிட். பேட்டரி நலம், கம்பிகள் நலம், காயில் நலம் என்று மூன்றும் உறுதியான பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்றால் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். தனி ரெக்டிஃபையர் உள்ள வண்டிகளில் மல்டிமீட்டரின் டையோடு அளவில் ஒரு திசையில் கடத்துகிறதா, மறுதிசையில் தடுக்கிறதா என்று பார்க்கலாம்.

8. சாவியை எடுத்த பிறகும் கசிவு. எல்லாம் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் தொடரிணைப்பாக வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது வண்டியை உதைக்கவோ ஹாரன் அடிக்கவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு

மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் நண்பர் ஒருவரின் 12 வோல்ட் புல்லட்டுக்கு இரண்டு ஆண்டில் மூன்று பேட்டரி ஆகியிருந்தது. அடுத்து காயிலை மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மேலே சொன்ன வரிசையில் பத்தாம் வகுப்பு மாணவர்களை வைத்து ஒரு மாலையில் அளந்து பார்த்தோம். ஓய்வில் 12.4. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 12.8. நான்காவது சோதனையில் வண்டி தோற்றுவிட்டது. “அப்போ காயில்தான் சார்” என்றான் ஒருவன். ஐந்தாவது சோதனையில் ஆர்.ஆர். யூனிட் வெளியீட்டில் 14.2 காட்டியது.

மின்சாரம் உற்பத்தியாகிறது, ஆனால் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் 1.4 வோல்ட் எங்கோ போகிறது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கம்பிவழியே ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டு வந்த மாணவி, பியூஸ் கூட்டின் இரு பக்கமும் வைத்தபோது அந்த 1.4 முழுவதும் அங்கேயே காட்டியது. திறந்து பார்த்தால் பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த பித்தளைத் தகடு துரு ஏறிப் பழுப்பாகியிருந்தது. ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். உப்புக்காற்றும் ஈரமும் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கடற்கரை ஒட்டிய பள்ளிகளில் பணியாற்றுவோர் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கனெக்டர்களைப் பிரித்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி மாட்டினால் பல பேட்டரிகள் பிழைக்கும்.

6 வோல்ட் வண்டிகள் ஏன் சீக்கிரம் மங்குகின்றன?

இதற்கு விடை பத்தாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம் 35 ÷ 12, ஏறத்தாழ 2.9 ஆம்பியர். அதே 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் எடுப்பது 35 ÷ 6, ஏறத்தாழ 5.8 ஆம்பியர். இப்போது வழியில் 0.2 ஓம் மின்தடையுள்ள ஒரு கெட்ட இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 12 வோல்ட் வண்டியில் அந்த இடத்தில் ஏறத்தாழ 0.6 வோல்ட் இழப்பு ஏற்படும், அதாவது 12இல் 5 விழுக்காடு. 6 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 1.2 வோல்ட் இழப்பு, அதாவது 6இல் 20 விழுக்காடு. அதே துருதான், பாதிப்பு நான்கு மடங்கு. பழைய 6 வோல்ட் வண்டியில் கனெக்டர் சுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இரண்டு வரிக் கணக்கில் விளங்கிவிடுகிறது.

குறையே இல்லாத குறை

எல்லாச் சோதனையிலும் தேறியும் பேட்டரி இறங்கும் வண்டிகள் உண்டு. அங்கே கோளாறு உறுப்பில் இல்லை, வரவு-செலவில் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முகப்பு விளக்கு 35 வாட், பின்விளக்கு 5 வாட், பற்றவைப்பு 20 வாட். ஆக 60 வாட். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். சாலை வேகத்தில் ஆல்டர்னேட்டர் தருவது 6 ஆம்பியர் என்றால் 1 ஆம்பியர் மிச்சம், அது பேட்டரிக்குப் போகும். இப்போது வெளிச்சம் போதவில்லை என்று 35 வாட்டில் இரண்டு கூடுதல் விளக்குகள் மாட்டுகிறோம். 70 ÷ 12, ஏறத்தாழ 5.8 ஆம்பியர். மொத்தச் செலவு 10.8, வரவு 6. மணிக்கு மணி 4.8 ஆம்பியர் பற்றாக்குறை. 9 ஆம்பியர்-மணிப் பேட்டரி கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். நடைமுறையில் அதற்கும் முன்பே விளக்கு மங்கும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓர் இரவு போய்த் திரும்பினால் போதும்.

புல்லட்டின் ஆம்ப் மீட்டர் இந்த வரவு-செலவைத்தான் காட்டுகிறது. சரியாக இணைக்கப்பட்ட மீட்டரில் முள் வலப்பக்கம் சாய்ந்தால் வரவு, இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. விளக்கைப் போட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் முள் இடப்பக்கம் இருக்கும். வேகம் கூட்டினால் நடுவைக் கடந்து வலப்பக்கம் வரும். சாலையில் எந்த வேகத்திலும் வலப்பக்கம் வராத முள், விளக்கு மங்குவதற்குப் பல நாள் முன்பே நம்மை எச்சரிக்கிறது.

பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டுகளில் இன்னொரு செலவும் உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுப் போனால், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்கும் பட்சத்தில் பற்றவைப்புச் சுருள் வழியாக மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியும் இறங்கும், சுருளும் சூடாகும். கோடை விடுமுறைக்கு வண்டியை நிறுத்திவைப்பவர்கள் பேட்டரியைச் சார்ஜ் போட்டு, எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவைப்பது நல்லது. இறங்கிய நிலையில் பல வாரம் கிடக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும்.

டைனமோ வண்டிகள்

ஜாவா, எஸ்டி போன்ற வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். இங்கே சுழல்வது சுருள். கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் சேர்ந்து நேர்திசை மின்னோட்டமாகவே வெளியே தருகின்றன. எனவே ரெக்டிஃபையர் இல்லை. மெக்கானிக்குகள் ‘கட்-அவுட்’ என்று சொல்லும் பெட்டி, எஞ்சின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் துண்டிக்கிறது. சோதனை வரிசை அதேதான். காயில் சோதனைக்கு முன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, கம்யூட்டேட்டர் கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையே எர்த் ஆக இருக்கும். புதுப் பேட்டரி மாட்டும் முன் எந்த முனை சேஸிஸோடு சேர்ந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறைக்குள் கொண்டுவருதல்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: வானவில் மன்ற வேளையில் ஒரு சைக்கிள் டைனமோவும் பல்பும் போதும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரோடு சேர்த்துச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பல்பின் இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்லுங்கள். பல்பு எரியும்போது சக்கரம் கனமாக இருப்பதை மாணவர் கையே உணரும். வெளிச்சம் இலவசமாக வருவதில்லை, நம் கையின் உழைப்புத்தான் ஒளியாகிறது என்பதை விளக்கச் சொற்கள் அதிகம் தேவைப்படாது.

ஒன்பதாம் வகுப்பு: காந்தச் சட்டம், கம்பிச்சுருள், கால்வனோமீட்டர் சோதனையைச் செய்தவுடன் வண்டியின் அருகே அழைத்துச் சென்று ஆம்ப் மீட்டரைக் காட்டலாம். காந்தத்தை வேகமாக நகர்த்தினால் முள் அதிகம் விலகியதும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் முள் வலப்பக்கம் போவதும் ஒரே விதி என்பதை அவர்களே சொல்வார்கள்.

பத்தாம் வகுப்பு: மேலே தந்த வாட், ஆம்பியர், மின்தடைக் கணக்குகள் அப்படியே பயிற்சி வினாக்களாகும். கணித ஆசிரியர் எஞ்சின் வேகத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் வரைபடம் வரையச் செய்யலாம். ரெகுலேட்டர் குறுக்கிடும் இடத்தில் கோடு தட்டையாவதை மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

மேல்நிலைத் தொழிற்கல்வி: அடிப்படை ஆட்டோமொபைல் பொறியியல் படிக்கும் மாணவர்கள் எட்டுச் சோதனைகளையும் செய்து, ஒவ்வொன்றுக்கும் ‘என்ன எதிர்பார்த்தேன், என்ன அளந்தேன், எதை விலக்கினேன்’ என்று மூன்று பத்தியாகப் பதிவேடு எழுதலாம்.

முடிந்தால் உள்ளூர் மெக்கானிக் ஒருவரை ஒரு பாடவேளைக்கு அழையுங்கள். நம் மாணவர்களில் சிலருடைய அப்பாவோ அண்ணனோ அந்த வேலையில் இருப்பார்கள். கடையில் மாமாவோடு ஸ்பேனர் பிடிக்கும் மாணவன் பாடவேளையில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ‘காயில்’ என்பது கம்பிச்சுருள் என்று தெரியும் நாளில் பாடநூலில் தனக்கும் இடம் உண்டு என்று அவனுக்குத் தெரியும்.

பாதுகாப்பு

எஞ்சினைத் திறந்த வெளியில் மட்டுமே இயக்க வேண்டும், புகை வகுப்பறைக்குள் வரக் கூடாது. வண்டி மெயின் ஸ்டாண்டில், நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் ஆசிரியர் கையில், மல்டிமீட்டர் மாணவர் கையில். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, வளையல், மோதிரம் ஆகியவை வண்டியருகே வேண்டாம். சைலன்சர் சுடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அருகில் தீப்பொறி கூடாது. அமிலம் பட்டால் உடனே நிறைய நீரில் கழுவ வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது மின்னழுத்தத்தைத் திடீரென ஏற்றி பல்புகளையும் ஆர்.ஆர். யூனிட்டையும் கெடுத்துவிடும். எதிர்முனை எர்த் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். அப்போது ஸ்பேனர் தவறிச் சேஸிஸில் பட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது.

அளந்த பிறகே முடிவு

வண்டியைப் பற்றிய இந்தப் பாடத்தில் ஆசிரியருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அறிகுறி தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஏழாம் வகுப்பு மாணவி வகுத்தல் கணக்கில் தொடர்ந்து தவறுகிறாள் என்றால் வகுத்தல் வரவில்லை என்று எழுதிவிடுவது எளிது. ஒரு படி பின்னால் போய்ப் பெருக்கல் வாய்பாட்டைக் கேட்டால் அது சரியாக இருக்கலாம். இன்னொரு படி பின்னால் போய்க் கடன் வாங்கிக் கழித்தலைக் கொடுத்தால் அங்கே தடுமாறலாம். அல்லது கணக்கை உரக்கப் படிக்கச் சொன்னால் வினாவையே படிக்க முடியாமல் நிற்கலாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை நிலைவாரியாக அறிந்து கற்பிக்கச் சொல்வதன் பொருளும் இதுதான். மீண்டும் மீண்டும் வகுத்தல் பயிற்சியே கொடுப்பது, கெட்ட பியூஸ் கூட்டை வைத்துக்கொண்டு நான்காவது பேட்டரி வாங்குவதைப் போன்றது.

இந்தக் கல்வியாண்டில் உங்கள் பள்ளி வளாகத்தில் நிற்கும் பழைய வண்டி ஒன்றை, உரிமையாளரின் இசைவோடு, ஒரு மாலை மாணவர்களுக்கு ஒப்படையுங்கள். முதல் சோதனைக்கு முன் ஒவ்வொருவரும் தம் கணிப்பைத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். எட்டாவது சோதனை முடிந்ததும் பிரித்துப் பார்க்கட்டும். பெரும்பாலான தாள்களில் ‘பேட்டரி’ என்று எழுதியிருக்கும். அளவீடுகள் என்ன சொல்கின்றன என்பதை அவர்களே பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள்.